கருத்தரிக்க முயலும்போது காப்பி, தேநீர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைக்குத் திட்டமிடும் தம்பதியர் மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே உறவினரிடமும் நண்பர்களிடமும் கேட்டு வைக்கும் கேள்விகளில் காப்பியைப் பற்றியது அநேகமாக முதலிடத்தில் இருக்கும். கிடைக்கும் பதில்கள் ஒன்றுக்கொன்று முரணாக இருப்பதால், ஒரு கோப்பையைக்கூட நிம்மதியாகக் குடிக்க முடியாத நிலைக்குச் சிலர் வந்துவிடுகிறார்கள். சிங்கப்பூரில் நாம் அன்றாடம் குடிக்கும் பானங்களை வைத்து, ஆய்வுகள் சொல்வதையும் சொல்லாததையும் பிரித்துக் காட்டுவதற்காக இந்தக் கேள்வி பதில்கள் எழுதப்பட்டுள்ளன. இவை பொதுவான தகவல்கள். உங்கள் உடல்நிலை குறித்த முடிவை உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவரே சொல்ல வேண்டும்.

கருத்தரிக்க முயலும்போது காப்பியை அறவே நிறுத்திவிட வேண்டுமா?

வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு எல்லாப் பானங்களிலிருந்தும் உணவுகளிலிருந்தும் சேர்த்து 200 மில்லிகிராமுக்கு மேல் கஃபீன் (காப்பியிலும் தேயிலையிலும் இருக்கும் ஊக்கப்பொருள்) போகாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்பதே இன்று பெரும்பாலான மருத்துவர்கள் சொல்லும் அறிவுரை. அமெரிக்க மகப்பேறு, மகளிர் மருத்துவர்களின் சங்கம் 2010ஆம் ஆண்டிலும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015ஆம் ஆண்டிலும் கர்ப்பிணிகளுக்கு வெளியிட்ட அறிவுரைகள் இந்த அளவையே குறிப்பிட்டன. பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையும் அதையே சொல்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் சற்றுத் தாராளமாக, நாளுக்கு 300 மில்லிகிராமைத் தாண்டும் கர்ப்பிணிகள் குறைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. கர்ப்பமில்லாத, ஆரோக்கியமான பெரியவர்களுக்கு 400 மில்லிகிராம் வரை கவலையில்லை என்பது பொதுக் கருத்து.

இவை கர்ப்பிணிகளுக்கான வரம்புகள், முயற்சி செய்துகொண்டிருக்கும் எனக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். மாதவிடாய் தள்ளிப்போய், சோதனைக் குச்சியில் இரண்டு கோடுகள் தெரியும் நாளில், மருத்துவக் கணக்கின்படி நீங்கள் ஏற்கெனவே நான்கு வாரக் கர்ப்பிணி. அந்த வாரங்களில் கரு பதிந்து வளரத் தொடங்கியிருக்கும். தெரிந்த பிறகு குறைத்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர் அந்தத் தொடக்க நாள்களைக் கடந்த பிறகே குறைக்கத் தொடங்குகிறார். ஆகவே, கர்ப்பத்துக்கான வரம்பை முயற்சி தொடங்கும் மாதத்திலிருந்தே கடைப்பிடிப்பது எளிமையான ஏற்பாடு.

200 மில்லிகிராம் என்பது நம் காப்பிக்கடைக் கோப்பையில் எவ்வளவு?

எல்லாருக்கும் இடறும் இடம் இதுதான். வெளிநாட்டு அறிவுரைகளில் "நாளுக்கு இரண்டு கோப்பை" என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, கீழ்த்தளக் காப்பிக்கடையில் இரண்டு "கோப்பி காவ்" (கெட்டிக் காப்பி) வாங்கிக் குடிப்பவர் அதே அளவைத்தான் குடிக்கிறார் என்று சொல்ல முடியாது. அந்த அறிவுரைகள் பெரும்பாலும் குவளை உடனடிக் காப்பியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பிரிட்டன் கணக்கில் ஒரு குவளை உடனடிக் காப்பியில் சுமார் 100 மில்லிகிராம், வடிகட்டிய காப்பியில் சுமார் 140, தேநீரில் சுமார் 75.

நம் காப்பிக்கடைகளில் பெரும்பாலும் பயன்படுவது ரோபஸ்டா கொட்டை. வறுக்கும்போது சர்க்கரையும் மார்ஜரினும் சேர்க்கப்படுவதால்தான் அந்தக் கருமையும் மணமும் வருகின்றன. எடைக்கு எடை, ரோபஸ்டாவில் அராபிகாவைப் போல ஏறத்தாழ இருமடங்கு கஃபீன் உண்டு. துணி வடிகட்டியில் கெட்டியாக இறக்கிய சாற்றைக் கோப்பையில் ஊற்றி, அதன்மேல் வெந்நீர் சேர்ப்பதுதான் வழக்கம். "காவ்" என்று கேட்டால் சாறு கூடும், "போ" என்று கேட்டால் வெந்நீர் கூடும். எனவே "போ" என்பது சுவைக்கு மட்டுமன்றிக் கஃபீனைக் குறைப்பதற்கும் உதவும் சொல். "கோசோங்" (சர்க்கரை இல்லாமல்), "சியூ டாய்" (இனிப்பு குறைவாக) ஆகியவை சர்க்கரையை மட்டுமே மாற்றும், கஃபீனைத் தொடாது. "கோப்பி ஓ" (பால் இல்லாதது), "கோப்பி சி" (இனிப்பில்லாத டின் பால் சேர்த்தது), சாதாரண "கோப்பி" (இனிப்பான கண்டென்ஸ்டு பால் சேர்த்தது) ஆகியவற்றின் வேறுபாடும் பாலில்தான் இருக்கிறது. காப்பியும் தேநீரும் கலந்த "சாம்" குடிப்பவர்கள் இரண்டின் கஃபீனையும் சேர்த்தே பெறுகிறார்கள்.

கடைக்குக் கடை, கைக்குக் கை அளவு மாறுவதால் துல்லியமான எண்ணைத் தேடுவதில் பயனில்லை. ஒரு சாதாரணக் கோப்பிக்குக் குறைந்தது 100 மில்லிகிராம், கெட்டியாகப் போட்ட தேநீருக்கும் தே தாரிக்குக்கும் 75 மில்லிகிராம் என்று சற்று மிகையாகவே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒரு கோப்பி, மாலையில் ஒரு தேநீர் என்றால் வரம்புக்குள் இருப்பீர்கள். பொட்டலமாகக் கட்டி வாங்கும்போது, கோப்பையில் கிடைப்பதைவிட அளவு கூடுதலாக இருக்கக்கூடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அலுவலகக் கட்டடங்களின் கீழே இருக்கும் பன்னாட்டுக் காப்பிக் கடைகளில் நிலைமை வேறு. அங்கே ஒரு எஸ்பிரெஸ்ஸோ ஷாட்டில் 60 முதல் 75 மில்லிகிராம்தான் இருக்கும், ஆகவே ஒரு ஷாட் சேர்த்த லாட்டே அச்சப்படும்படி எதுவுமில்லை. அதே கடையின் பெரிய கோப்பை வடிகட்டிய காப்பியிலோ 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருக்கலாம். அந்த ஒரு கோப்பையிலேயே நாளின் வரம்பு தாண்டிவிடுகிறது.

வீட்டில் போடும் டிகாஷன் காப்பிக்கு என்ன கணக்கு?

தேக்கா வட்டாரத்துக் கடைகளில் விற்கும் காப்பித்தூள் பொட்டலங்களில் சிக்கரி எத்தனை விழுக்காடு என்று அச்சிடப்பட்டிருக்கும். சிக்கரியில் கஃபீன் கிடையாது. ஆகவே 60 விழுக்காடு காப்பியும் 40 விழுக்காடு சிக்கரியும் கொண்ட தூளில், சுத்தமான காப்பித்தூளைவிடக் கஃபீன் குறைவு. ஆயினும் சிக்கரி கலந்த தூளில் டிகாஷன் இன்னும் கறுப்பாக இறங்கும் என்பதால், நிறத்தை வைத்துக் கஃபீனை மதிப்பிடுவது தவறாகப் போகும். வடிகட்டியில் போடும் தூளின் அளவைக் கரண்டியால் அளந்து, அதைக் கோப்பைகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்பதே நம்பகமான வழி. முதல் டிகாஷனில்தான் கஃபீனின் பெரும்பகுதி இறங்கிவிடுகிறது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

சுக்குக் காப்பி பற்றியும் கேட்கிறார்கள். சுக்கு, மல்லி, கருப்பட்டி மட்டும் சேர்த்துக் கொதிக்க வைத்தால் அதில் கஃபீன் துளியும் இல்லை. சில வீடுகளில் நிறத்துக்காக ஒரு சிட்டிகை காப்பித்தூளையும் போடும் பழக்கம் உண்டு, உங்கள் வீட்டில் எப்படி என்று பாருங்கள்.

வேறு எவற்றிலெல்லாம் கஃபீன் இருக்கிறது?

பலரும் கவனிக்காமல் விடுவது மருந்துப் பெட்டியை. பானடோல் எக்ஸ்ட்ரா மாத்திரை ஒன்றில் 500 மில்லிகிராம் பாராசிட்டமோலுடன் 65 மில்லிகிராம் கஃபீனும் உள்ளது. தலைவலிக்கு இரண்டு மாத்திரை போட்டால் 130 மில்லிகிராம், அதாவது ஒரு கோப்பிக்கும் மேல். சாதாரண பானடோலில் கஃபீன் இல்லை. மருந்துக் கடையில் வாங்கும்போது பெட்டியின் நிறத்தைப் பார்க்காமல் பெயரை முழுமையாகப் படியுங்கள்.

330 மில்லிலிட்டர் கோலா டின்னில் 30 முதல் 40 மில்லிகிராம் இருக்கும். 250 மில்லிலிட்டர் சக்தி பானத்தில் சுமார் 80 மில்லிகிராம் உண்டு, பெரிய டின்னில் அதற்கு இருமடங்கு. பபிள் டீ தேயிலையில்தான் தயாராகிறது என்பதை மரவள்ளி முத்துகள் மறக்கடித்துவிடுகின்றன. கோப்பை பெரிதாக இருப்பதால் அதையும் ஒரு முழுத் தேநீராகவே கணக்கிடுங்கள். பச்சைத் தேநீரில் கறுப்புத் தேநீரைவிடச் சற்றுக் குறைவு, மாட்சாவில் இலைத்தூளையே விழுங்குவதால் கூடுதல். மைலோவிலும் சாக்லேட்டிலும் கோகோ வழியாகச் சிறிதளவு வரும், அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. உடற்பயிற்சிக்கு முன் கலக்கிக் குடிக்கும் பொடிகள்தான் உண்மையிலேயே எச்சரிக்கைக்குரியவை, சிலவற்றில் ஒரு கரண்டியிலேயே 200 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருக்கும். கஃபீன் நீக்கிய காப்பியிலும் கோப்பைக்கு 2 முதல் 15 மில்லிகிராம் வரை எஞ்சியிருக்கும் என்றாலும் அதைப் பொருட்படுத்தத் தேவையில்லை.

பானத்தில் ஒட்டியிருக்கும் நியூட்ரி-கிரேட் எழுத்து கஃபீனைக் காட்டுமா?

காட்டாது. ஏ முதல் டி வரையிலான அந்தத் தரக்குறியீடு சர்க்கரையையும் நிறைவுற்ற கொழுப்பையும் மட்டுமே அடிப்படையாகக் கொண்டது. சர்க்கரையில்லாக் கெட்டிக் காப்பி நல்ல தரம் பெறலாம், அதனால் அதில் கஃபீன் குறைவு என்று பொருளாகாது.

கஃபீன் உண்மையிலேயே கருத்தரிப்பைத் தாமதப்படுத்துகிறதா?

இந்த அச்சத்தின் வேர் 1988ஆம் ஆண்டு லான்செட் இதழில் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு. கருத்தரிக்க முயன்றுகொண்டிருந்த 104 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வாளர்கள், நாளுக்கு ஒரு கோப்பைக் காப்பிக்குச் சமமான அளவைத் தாண்டிக் கஃபீன் எடுத்தவர்கள் ஒவ்வொரு மாதவிடாய்ச் சுழற்சியிலும் கருத்தரிக்கும் வாய்ப்பு மற்றவர்களுக்கு இருந்ததில் பாதியாக இருந்தது என்று எழுதினார்கள். ஆய்வில் பங்கேற்றவர்கள் சிறு எண்ணிக்கையினர் என்பது செய்தித்தாள்களில் இடம்பெறாமல் போக, "பாதி" என்ற சொல் மட்டும் பரவியது. பின்னர் டென்மார்க்கில் 3,600க்கும் மேற்பட்ட பெண்களை முன்னோக்கித் தொடர்ந்து 2012ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், காப்பிக்கோ மொத்தக் கஃபீனுக்கோ கருத்தரிக்க ஆகும் காலத்துடன் குறிப்பிடத்தக்க தொடர்பு தென்படவில்லை. அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் இவற்றையெல்லாம் சீர்தூக்கி, நாளுக்கு ஓரிரு கோப்பை காப்பியால் கருவுறும் திறனுக்குப் பாதிப்பு இருப்பதாகத் தெரியவில்லை என்றும், 500 மில்லிகிராமைத் தாண்டும் அதிகப் பழக்கத்துக்கே குறைவான கருவளத்துடன் தொடர்பு காணப்படுகிறது என்றும் கூறியுள்ளது.

எப்படிப் பாதிக்கக்கூடும் என்பதற்கும் சில ஊகங்கள் உண்டு. கருமுட்டையைக் கருப்பைக்கு நகர்த்திச் செல்லும் கருக்குழாய்த் தசையின் இயக்கத்தைக் கஃபீன் மந்தப்படுத்துவதை 2011ஆம் ஆண்டு எலிகளின் கருக்குழாயில் கண்டார்கள். எலியின் குழாயில் நேரடியாகக் கஃபீனைச் செலுத்திக் கண்டதை, காலைக் காப்பி குடிக்கும் பெண்ணுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது.

சிங்கப்பூர் வாசகர்களுக்குச் சற்று நெருக்கமான ஒரு தகவல் 2012ஆம் ஆண்டின் பயோசைக்கிள் ஆய்விலிருந்து வருகிறது. அமெரிக்காவில் நடந்த அந்த ஆய்வில், நாளுக்கு 200 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் கஃபீன் எடுத்த ஆசியப் பெண்களிடம் ஈஸ்ட்ரோஜன் அளவு சற்றுக் கூடுதலாகவும், வெள்ளையரிடம் சற்றுக் குறைவாகவும் இருந்தது. மொத்தமே 259 பெண்கள், அவர்களில் ஆசியர்கள் இன்னும் சிலரே. கருமுட்டை வெளியாவது தடைபட்டதாகவும் அதில் தெரியவில்லை. இந்த முடிவைக் காட்டி யாராவது உங்களைப் பயமுறுத்தினால், இந்த இரண்டையும் எடுத்துச் சொல்லுங்கள்.

காப்பி குடித்தால் கருச்சிதைவு ஏற்படும் என்கிறார்களே?

இதற்குச் சற்று விரிவாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனெனில் கருவை ஒருமுறை இழந்த பெண்ணிடம் அவர் குடித்த காப்பியைச் சுட்டிக்காட்டும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது.

2008ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ ஒரே சமயத்தில் இரண்டு அமெரிக்க ஆய்வுகள் வெளிவந்தன. கலிஃபோர்னியாவில் 1,063 கர்ப்பிணிகளிடம் நடந்த முதல் ஆய்வு, நாளுக்கு 200 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் கஃபீன் எடுத்தவர்களிடம் கருச்சிதைவு ஏறத்தாழ இருமடங்காக இருந்தது என்றது. இரண்டாவது ஆய்வு அப்படி ஒரு தொடர்பை உறுதியாகக் காணவில்லை. இரண்டையும் படித்த மருத்துவர்கள் எச்சரிக்கையின் பக்கம் நின்று 200 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆய்வாளர்களைக் குழப்பும் சிக்கல் ஒன்று இதில் உண்டு. ஆரோக்கியமாக வளரும் கர்ப்பத்தில் ஹார்மோன்கள் உயர்ந்து மசக்கை வருகிறது. மசக்கை வந்த பெண்ணுக்குக் காப்பி வாசனையே குமட்டுகிறது, அவர் தானாகவே குறைத்துவிடுகிறார். வளர்ச்சி ஏற்கெனவே தடைபட்டுவிட்ட கர்ப்பத்தில் மசக்கை குறைவாக இருக்கலாம், அந்தப் பெண் வழக்கம்போல் குடித்துக்கொண்டிருப்பார். பிறகு கணக்கெடுத்துப் பார்த்தால் காப்பி குடித்தவர்களிடம் இழப்பு அதிகம் என்று தெரியும், உண்மையில் காப்பி தொடர்ந்ததே கரு நலிந்ததன் விளைவாக இருந்திருக்கலாம். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான், கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே தம்பதியரைத் தொடரும் ஆய்வுகளுக்கு மதிப்பு கூடுதல்.

அவற்றுள் 2016ஆம் ஆண்டு வெளியான ஒன்று மிச்சிகன், டெக்சஸ் மாநிலங்களின் தம்பதியரைப் பற்றியது. கருத்தரிப்பதற்கு முந்தைய வாரங்களில் நாளுக்கு இரண்டுக்கு மேற்பட்ட கஃபீன் பானங்கள் குடித்தவர்களிடம் கருச்சிதைவு கூடுதலாக இருந்தது. வியப்பு என்னவென்றால், மனைவி குடித்தாலும் கணவர் குடித்தாலும் ஆபத்து ஏறத்தாழ ஒரே அளவில் உயர்ந்திருந்தது. கணவருக்கு மசக்கை வருவதில்லை, ஆகவே மேலே சொன்ன விளக்கம் அவருக்குப் பொருந்தாது. இருந்தாலும் காப்பி அதிகம் குடிக்கும் வீட்டில் தூக்கக் குறைவு, மனஅழுத்தம், வேலைச்சுமை முதலிய வேறு காரணங்களும் சேர்ந்திருக்கலாம்.

2020ஆம் ஆண்டு வெளியான ஒரு தொகுப்புக் கட்டுரை, கர்ப்ப காலத்தில் பாதுகாப்பான கஃபீன் அளவு என்று ஒன்றும் இல்லை, முழுவதும் தவிர்ப்பதே நல்லது என்று வாதிட்டது. அது, மக்களின் பழக்கத்தைக் கவனித்து மட்டும் பார்த்த ஆய்வுகளின் தொகுப்பேயன்றிக் காரண காரியத்தை நிறுவுவது அன்று என்று பல மருத்துவ அமைப்புகள் பதில் சொல்லின, 200 என்ற வரம்பும் மாறவில்லை. முழுமையாக விட்டுவிட விரும்புபவர் விடலாம், அதனால் எந்தக் கெடுதலும் இல்லை. ஆனால், தொடக்க மாதங்களில் நிகழும் கருச்சிதைவுகளில் ஏறத்தாழ பாதி அல்லது அதற்கும் மேற்பட்டவை கருவின் குரோமோசோம் குறைபாட்டால் ஏற்படுபவை. நடந்துவிட்ட இழப்புக்கு நேற்றைய காப்பியைக் காரணமாக்குவதற்கு எந்த மருத்துவ அடிப்படையும் இல்லை.

கணவரும் குறைக்க வேண்டுமா?

மேற்சொன்ன ஆய்வே அதற்கு ஒரு காரணம். விந்தணுக்களைப் பொறுத்தவரை, மிதமான காப்பி அவற்றின் எண்ணிக்கையையோ அசைவையோ கெடுப்பதாக உறுதியான சான்று இல்லை. டென்மார்க்கில் 2,500க்கும் மேற்பட்ட இளைஞர்களிடம் நடந்த ஆய்வொன்றில், கோலாவை மிக அதிகமாகக் குடித்தவர்களிடம் விந்தணு எண்ணிக்கை குறைவாக இருந்தது. அவர்களின் உணவுப் பழக்கமும் மோசமாக இருந்ததால், குற்றம் கஃபீனுடையதா சர்க்கரையுடையதா வாழ்க்கை முறையுடையதா என்று பிரிக்க முடியவில்லை. ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகிறது, ஆகவே இன்று மாற்றும் பழக்கத்தின் பலன் அடுத்த காலாண்டில்தான் தெரியும். முகாம் பயிற்சியிலும் இரவுப் பணியிலும் சக்தி பானத்தை நம்பியிருக்கும் கணவர்கள் அதை முதலில் குறைக்கட்டும். மனைவியின் கோப்பையை எண்ணிக்கொண்டே தமக்கு மூன்றாவது கோப்பி சொல்லும் கணவர்களை எல்லாக் காப்பிக்கடைகளிலும் பார்க்கலாம்.

"காப்பி சூடு, உடம்புச் சூட்டில் கரு தங்காது" என்று மாமியார் சொல்கிறார். என்ன செய்வது?

உணவைச் சூடு, குளிர்ச்சி என்று பகுப்பது நம் வீடுகளில் தலைமுறைகளாக இருந்துவரும் வழக்கம். மருத்துவ அளவீட்டில் காப்பி உடல் வெப்பநிலையைக் கரு தங்காத அளவுக்கு உயர்த்துவதில்லை. காப்பி குடித்த பிறகு நெஞ்சு படபடப்பதும் வயிறு எரிவதும் உண்மை, அவற்றையே பெரியவர்கள் சூடு என்று சொல்லியிருக்கக்கூடும். அத்தையோடு இதற்காக வாதிட வேண்டியதில்லை. "டாக்டர் நாளுக்கு ஒரு காப்பி குடிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார், அத்தை" என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள், இன்னும் நல்லது உங்கள் கணவரைச் சொல்லச் செய்வது. மாமியார் தரும் மோரையும் இளநீரையும் மறுக்காமல் குடியுங்கள், அவற்றில் கஃபீன் இல்லை. பெயர் தெரியாத மூலிகைக் கஷாயங்களை மட்டும் மருத்துவரிடம் கேட்காமல் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தைராய்டு மாத்திரை எடுப்பவர்களும் இரும்புச்சத்துக் குறைவுள்ளவர்களும் எதைக் கவனிக்க வேண்டும்?

என் கருத்தில் கருத்தரிக்க விரும்பும் பெண்களுக்குக் காப்பியால் வரும் நடைமுறைத் தொல்லை அதன் கஃபீனைவிட இதில்தான் அதிகம். தைராய்டு சுரப்பு குறைவாக இருந்தால் கருத்தரிப்பது கடினமாகலாம். அதற்காகத் தரப்படும் தைராக்சின் மாத்திரையைக் காப்பியோடு விழுங்கினால் உடல் அதை முழுமையாக உறிஞ்சாது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, குறைந்தது அரை மணி நேரம், இயன்றால் ஒரு மணி நேரம் கழித்துக் காப்பி குடியுங்கள். மாத்திரையை ஒழுங்காகப் போட்டும் இரத்தப் பரிசோதனையில் அளவு சரியாகவில்லை என்றால், காலைக் காப்பியின் நேரத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தேநீரிலும் காப்பியிலும் உள்ள சில சேர்மங்கள், கீரை, பருப்பு போன்ற தாவர உணவிலிருக்கும் இரும்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. சைவ உணவு உண்பவர்களுக்கும் மாதவிடாயில் இரத்தப்போக்கு அதிகமுள்ளவர்களுக்கும் இது பெரிய விஷயம். தோசையுடன் தே, பரோட்டாவுடன் தே தாரிக் என்பது இனிமையான பழக்கம்தான். அதை உணவுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ தள்ளிவைத்தால் இரும்பு உடலில் சேரும். எலுமிச்சைச் சாறு போன்ற வைட்டமின் சி உள்ள பானங்கள் அதற்கு மேலும் உதவும்.

எனக்குச் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கிறது. காப்பி கூடாதா?

கஃபீன் வரம்பு உங்களுக்கும் அதேதான். நீங்கள் பார்க்க வேண்டியது கோப்பையின் அடியில் படிந்திருக்கும் கண்டென்ஸ்டு பாலை. பிசிஓஎஸ் எனப்படும் இந்தப் பிரச்சினை உள்ள பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை, நாளுக்கு இரண்டு மூன்று இனிப்புக் கோப்பி அந்தச் சுமையைக் கூட்டும். "கோப்பி சி கோசோங்" என்று கேட்டு வாங்கப் பழகுங்கள். முதல் வாரம் கசக்கும், பிறகு இனிப்புப் போட்டதுதான் திகட்டும்.

ஐவிஎஃப் (செயற்கைக் கருத்தரிப்பு) சிகிச்சையில் இருக்கிறேன். வேறு விதி உண்டா?

இந்தச் சிகிச்சையில் கஃபீனின் பங்கு குறித்த ஆய்வு முடிவுகள் ஒத்துப்போகவில்லை. மிதமான அளவால் வெற்றி வாய்ப்பு குறைவதாகப் பல ஆய்வுகள் காணவில்லை, சிறிதளவும் பாதிக்கும் என்று சொன்ன பழைய ஆய்வும் உண்டு. உங்கள் சிகிச்சை மையம் முழுமையாக நிறுத்தச் சொன்னால் அதைப் பின்பற்றுங்கள், இவ்வளவு செலவும் ஊசியும் பட்ட பிறகு மனத்தில் ஓர் உறுத்தல் மிஞ்சக் கூடாது. ஒன்றும் சொல்லாவிட்டால் 200 மில்லிகிராம் வரம்பு போதும்.

திடீரென நிறுத்தினால் தலை வெடிக்கிறதே?

தினமும் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி, சோர்வு, எரிச்சல் தொடங்கும். ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்தில் அடங்கும். அதைத் தாங்க முடியாமல் பானடோல் எக்ஸ்ட்ரா போடுபவர் கஃபீனை மாத்திரையாக விழுங்குகிறார், அவ்வளவே. நாளுக்கு நான்கு கோப்பை குடிப்பவர், ஒவ்வொரு வாரமும் அந்த எண்ணிக்கையில் ஒரு கோப்பை வீதம் குறைத்துக்கொண்டு வாருங்கள். மாலைக் கோப்பையை முதலில் விடுங்கள், காலைக் கோப்பையைக் கடைசிவரை வைத்திருங்கள்.

தூக்கத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

கஃபீனின் பாதியளவை உடல் வெளியேற்றச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகிறது, ஆளுக்கு ஆள் இது வெகுவாக மாறும். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு ஏறத்தாழ இருமடங்கு நேரம் ஆகும், அதை நிறுத்திய பிறகு பழைய நிலை திரும்பும். புகைபிடிப்பவர்கள் கஃபீனை வேகமாக வெளியேற்றுகிறார்கள். புகைப்பதை நிறுத்தும்போது அதே காப்பி திடீரென்று அதிகமாக வேலை செய்வதற்குக் காரணம் இதுதான். படுக்கைக்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் எடுத்தால்கூடத் தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைகிறது என்று ஓர் ஆய்வு காட்டியது. இரவுப் பணி செய்யும் தாதியரும் மற்றவர்களும் பணியின் முதல் பாதியில் காப்பியை முடித்துக்கொள்வது நல்லது.

காப்பியைக் குறைத்தும் மாதங்கள் கடந்துகொண்டே இருக்கின்றன. எப்போது மருத்துவரைப் பார்ப்பது?

35 வயதுக்குக் கீழ் இருந்தால் ஓராண்டு முயன்ற பிறகும், 35 அல்லது அதற்கு மேல் என்றால் ஆறு மாதம் முயன்ற பிறகும், மாதவிடாய் ஒழுங்கற்றிருந்தால் அதுவரை காத்திராமல் உடனேயும் பாருங்கள். இருவரும் சேர்ந்து செல்லுங்கள், ஏனெனில் தாமதத்துக்குக் காரணம் ஆணின் பக்கம் இருப்பதும் பரவலானது. பலதுறை மருந்தகத்தில் தொடங்கி, அங்கிருந்து கேகே மகளிர், சிறார் மருத்துவமனை, சிங்கப்பூர் பொது மருத்துவமனை, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை போன்றவற்றுக்குப் பரிந்துரை பெறலாம். கோப்பையை எண்ணுவதில் காட்டும் அக்கறையில் பாதியையாவது தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுப்பதிலும், இருவரும் புகையையும் மதுவையும் விடுவதிலும், கருமுட்டை வெளியாகும் நாள்களை அறிந்துகொள்வதிலும் காட்டுங்கள். வயதும் இவையும்தான் கருத்தரிப்பை அதிகம் பாதிப்பவை. காப்பி அந்த வரிசையில் வெகு கீழே இருக்கிறது.

இன்று சோதனையில் கர்ப்பம் என்று தெரிந்தது. நேற்று வரை நாளுக்கு நான்கு கோப்பி குடித்தேன். பயமாக இருக்கிறது.

இன்றிலிருந்து 200 மில்லிகிராமுக்குள் கொண்டுவாருங்கள். கர்ப்பம் முதிர முதிர, கஃபீன் உடலில் தங்கும் நேரம் நீண்டு, கடைசி மாதங்களில் பாதியளவு வெளியேறவே ஏறத்தாழ 15 மணி நேரம் ஆகும். கஃபீன் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவுக்கும் செல்கிறது, அதைச் சிதைக்கும் நொதி கருவிடம் இன்னும் உருவாகியிருக்காது. வரம்பை இனிமேல் கவனமாகக் கடைப்பிடிக்க வேண்டியதன் காரணம் அதுவே. நேற்றுவரை குடித்ததற்காகத் தனிப் பரிசோதனை எதுவும் தேவையில்லை. முதல் சந்திப்பிலேயே அதை மருத்துவரிடம் சொல்லுங்கள், ஃபோலிக் அமிலம் இதுவரை எடுக்கவில்லையென்றால் இன்றே தொடங்கி 12 வாரம் முடியும் வரை எடுங்கள். இரத்தப்போக்கோ கடுமையான வயிற்று வலியோ வந்தால் சந்திப்பு நாள் வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.